மூச்சுப் பயிற்சி நல்லதுதான், ஆனா பம்ப்ப ஏன் நிறுத்தினீங்க?

பேர் போட வேணாம்னு கேட்டுக்கிட்டு ஒரு வாசகி நீளமா எழுதியிருக்காங்க. வயசு 41, டீச்சர், ஒன்பது வயசுலேர்ந்து ஆஸ்துமா. பல வருஷமா காலையும் ராத்திரியும் ஸ்டீராய்டு பம்ப் (இன்ஹேலர்), அவசரத்துக்கு நீல கலர் பம்ப்னு ஓடிட்டிருந்திருக்கு. ரெண்டரை மாசத்துக்கு முன்னாடி ஆன்லைன்ல ஒரு மூச்சுப் பயிற்சி கோர்ஸ்ல சேர்ந்தாங்களாம், மூணாவது வாரமே படபடப்பு குறைஞ்சு, பாடம் நடத்தும்போது நடுவுல நிறுத்தி மூச்சு வாங்குறது போயிடுச்சாம். கோர்ஸ் நடத்துறவர் சொன்னது இது: "ஆஸ்துமாவுக்கு காரணமே நீங்க அளவுக்கு மீறி மூச்சு விடுறதுதான், அதுல கார்பன் டை ஆக்சைடு வெளிய போயிடுது, அத உள்ள சேத்து வெச்சீங்கன்னா மூச்சுக்குழாய் தானா திறந்துக்கும், பம்ப் தேவையே இல்ல."

இவங்களும் நம்பி, அஞ்சு வாரமா ஸ்டீராய்டு பம்ப்ப தொடல. ராத்திரி வாய்ல டேப் ஒட்டிட்டு தூங்குறாங்க. மூச்சடக்குற நேரம் 14 செகண்ட்லேர்ந்து 31 செகண்ட் ஆயிருக்கு, அதுல ரொம்ப சந்தோஷம். விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர் மட்டும் 97லயே நிக்குது, 100 வரலையேன்னு கவலை. கடிதத்தோட அடியில போற போக்குல ரெண்டு வரி எழுதியிருக்காங்க: "போன வாரம் நீல பம்ப் மூணு நாலு தடவ தேவைப்பட்டுச்சு. ரெண்டு நாள் விடியக்காலை மூணு மணிக்கு இருமல்ல முழிச்சேன், கிளைமேட்னால இருக்கும்." கேள்வி என்னன்னா, ஸ்டீராய்ட ஒரேயடியா விட்டுடலாமா? வழக்கமா பாக்குற டாக்டர்கிட்ட சொன்னா திட்டுவார்னு இன்னும் சொல்லவே இல்லையாம்.

அம்மா, மத்த எல்லாத்தையும் விட்டுட்டு அந்த அடியில எழுதின ரெண்டு வரியத்தான் நான் திரும்பத் திரும்ப படிச்சேன். விடியக்காலை மூணு மணி இருமல் கிளைமேட் இல்ல. ஆஸ்துமா அடங்கியிருக்கா இல்லையான்னு பாக்க நாங்க நாலே கேள்விதான் கேப்போம்: பகல்ல வாரத்துக்கு ரெண்டு தடவைக்கு மேல தொந்தரவு வருதா, ராத்திரி முழிப்பு வருதா, நீல பம்ப் வாரத்துக்கு ரெண்டு தடவைக்கு மேல தேவைப்படுதா, செய்யுற வேலைய ஏதாவது குறைச்சுக்கிட்டீங்களா. கடைசி நாலு வாரத்துக்கு இத கேட்டு, மூணோ நாலோ ஆமான்னு வந்தா ஆஸ்துமா கட்டுக்குள்ள இல்லன்னு அர்த்தம். உங்களுக்கு ரெண்டு கேள்விக்கு ஆமான்னு கடிதத்துலயே இருக்கு. இப்போல்லாம் மாடிப்படிக்கு பதிலா லிஃப்ட்ல போறேன்னு வேற ஒரு இடத்துல எழுதியிருக்கீங்க, அதையும் சேத்தா மூணு. அதனால பதில முதல்லயே சொல்லிடுறேன்: இன்னிக்கு ராத்திரியே ஸ்டீராய்டு பம்ப்ப பழைய அளவுல ஆரம்பிங்க, இந்த வாரத்துக்குள்ள உங்க டாக்டர பாருங்க. மூச்சுப் பயிற்சிய விடச் சொல்லல, அது ஏன்னு இனிமே சொல்றேன்.

உங்களுக்கு நல்லா இருக்குங்கறது உண்மைதான்

"எல்லாம் மனப்பிரமைன்னு டாக்டர்ங்க சொல்லுவீங்க"ன்னு எழுதியிருக்கீங்க. நான் சொல்ல மாட்டேன். பிரிட்டன்ல ஆஸ்துமா இருக்குற 655 பெரியவங்கள வெச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணி 2018ல லான்செட்டோட நுரையீரல் இதழ்ல போட்டாங்க. ஒரு குரூப்புக்கு பிசியோதெரபிஸ்ட் நேர்ல மூணு தடவ மூச்சுப் பயிற்சி சொல்லிக் குடுத்தாங்க, இன்னொரு குரூப்புக்கு அதையே டிவிடியா போட்டு ஒரு சின்ன புத்தகத்தோட குடுத்தாங்க, மூணாவது குரூப்புக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். ஒரு வருஷம் கழிச்சு கேட்டா, பயிற்சி எடுத்த ரெண்டு குரூப்பும் அன்றாட வாழ்க்கை லேசாயிருக்குன்னு சொன்னாங்க, டிவிடி பாத்தவங்களுக்கும் நேர்ல கத்துக்கிட்டவங்களுக்கும் பலன்ல பெருசா வித்தியாசமே இல்ல (கோர்ஸ் ஃபீஸ் கட்டுறவங்க இத கொஞ்சம் யோசிக்கலாம்).

ஆனா அதே ஆராய்ச்சில குழாய் எவ்வளவு திறந்திருக்குன்னு ஊதவெச்சு பாத்தாங்க, உள்ள வீக்கம் எவ்வளவுன்னும் பாத்தாங்க. ரெண்டுமே மாறல. அதுவும் இவங்க யாரையும் மருந்த நிறுத்தச் சொல்லல, மருந்தோட கூடத்தான் பயிற்சி. உங்க கடிதம் மொத்தத்துக்கும் இதான் சாவி. மூச்சு வாங்குற உணர்வு ஒண்ணு, மூச்சுக்குழாய் சுவர்ல இருக்குற வீக்கம் வேற ஒண்ணு. பயிற்சி முதல்ல சொன்னத நல்லாவே குறைக்குது, ரெண்டாவத தொடல, அத குறைக்கிறது ஸ்டீராய்டு பம்ப்தான்.

உணர்வு எப்படி குறையுதுன்னு கேட்டா, அதுக்கும் விஷயம் இருக்கு. மூளைத்தண்டுல பிரிபோட்சிங்கர்னு ஒரு குட்டி நரம்புக்கூட்டம் இருக்கு, மூச்சோட தாளத்த போடுறது அதுதான். பேரு ஒரு ஜெர்மன் ஒயின் பாட்டில் லேபிள்லேர்ந்து வந்தது, கான்ஃபரன்ஸ் சாப்பாட்டு மேசையில இருந்த பாட்டில பாத்து வெச்சாங்களாம், விஞ்ஞானிகளும் மனுஷங்கதானே. 2017ல எலிகள்ல பாத்தப்போ, அந்தக் கூட்டத்துலேர்ந்து சில நரம்புகள் மூளைய முழிப்பா உஷாரா வெச்சிருக்குற இடத்துக்கு நேரா போகுதுன்னு தெரிஞ்சுது, அந்த நரம்புகள மட்டும் எடுத்துட்டா எலி சாதுவா உக்காந்துடுச்சு. அதாவது மூச்சு வேகம் மாறினா மூளைக்கு நியூஸ் போகுது. இன்னொரு வழி இதயம். நிமிஷத்துக்கு ஆறு மூச்சு கணக்குல மெதுவா விட்டா இதயத்துடிப்பும் பிரஷர சரி பண்ற அனிச்சை செயலும் ஒரே தாளத்துக்கு வந்துடும். 2001ல இத்தாலில ஒரு குழு ஜெபமாலை சொல்றவங்களையும் யோகா மந்திரம் சொல்றவங்களையும் அளந்து பாத்தா, ரெண்டு பேரோட மூச்சும் தானா அந்த ஆறுக்கு பக்கத்துல வந்து நின்னுச்சு. யாரும் எண்ணிச் சொல்லிக் குடுக்கல பாருங்க.

பெருமூச்சு விடக்கூடாதுன்னு உங்க கோச் சொன்னதா எழுதியிருக்கீங்க, அது சரியில்ல. நாம எல்லாருமே ஏறக்குறைய அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ நமக்கே தெரியாம ஒரு பெருமூச்சு விடுறோம், சுருங்கி ஒட்டிக்கிட்ட காற்றுப் பைகள விரிச்சு விடுறதுக்கு. 2023ல ஸ்டான்ஃபோர்ட்ல ஒரு ஆராய்ச்சில தினம் அஞ்சு நிமிஷம், ஒரு மாசம், வேணும்னே பெருமூச்சு விட வெச்சாங்க: மூக்கால ஒரு இழுப்பு, அது மேலயே இன்னொரு குட்டி இழுப்பு, அப்புறம் நீளமா வாயால விடுறது. சும்மா உக்காந்து மூச்ச கவனிச்சவங்களவிட இவங்க மனநிலை இன்னும் கொஞ்சம் நல்லாச்சு. ஆக மனசுக்கு பலன் இருக்கு, அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

கார்பன் டை ஆக்சைடு கதையில பாதி உண்மை

இந்த தியரி புதுசு இல்ல. 1950கள்ல சோவியத் யூனியன்ல கான்ஸ்டான்டின் புட்டேய்கோன்னு ஒரு டாக்டர் சொன்னது. இதுல உண்மை எதுன்னா, ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு இருந்தாத்தான் ஹீமோகுளோபின் ஆக்சிஜன திசுக்களுக்கு தாராளமா விடும், கிறிஸ்டியன் போர் 1904லயே கண்டுபிடிச்சிட்டார். படபடப்புல வேக வேகமா மூச்சு விட்டா அந்த வாயு குறைஞ்சு, மூளைக்குப் போற ரத்தக்குழாய் சுருங்கி தலை சுத்தும், விரல் நுனி மரத்துப்போகும், வாயச் சுத்தி குறுகுறுன்னு இருக்கும். உங்களுக்கு முன்னாடி கிளாஸ்ல வந்த தலைசுத்தல் இதாவே இருந்திருக்கலாம். ஆஸ்துமா இருக்குற நிறைய பேருக்கு இதுவும் சேந்தே இருக்கு, அதான் பயிற்சி அவ்வளவு சீக்கிரம் வேலை செஞ்சிருக்கு.

பொய் எதுன்னா, ஆஸ்துமா அதனாலதான் வருதுங்கறது. ஆஸ்துமாவுல குழாய் சுவர் வீங்கி, கோழை கட்டி, சுத்தியிருக்குற தசை எதுக்கெடுத்தாலும் இறுகுது. 1998ல ஆஸ்திரேலியாவுல புட்டேய்கோ முறைய சோதிச்சாங்க, கத்துக்கிட்டவங்க நீல பம்ப்ப உபயோகிக்கிறது நல்லாவே குறைஞ்சுது, ஆனா வெளிமூச்சுல கார்பன் டை ஆக்சைடு அளவு மாறவே இல்ல. தியரி படி அது ஏறியிருக்கணும் இல்லையா? பலன் வந்தது வேற வழியில.

நான் ஜூனியரா இருந்தப்போ எமர்ஜென்சில நடந்தது ஒண்ணு சொல்றேன். சின்ன பையன், கடுமையான அட்டாக், நிமிஷத்துக்கு 36 மூச்சு, ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு 30. ரெண்டு மணி நேரம் கழிச்சு திரும்ப எடுத்தா 42. நார்மல் 35லேர்ந்து 45 தானே, சரியாயிட்டான்னு நான் நிம்மதியா சொன்னேன். சீனியர் ஓடி வந்தாங்க. இழுத்து இழுத்து மூச்சு விட்டுட்டிருந்தவன் களைச்சு போயிட்டான், காத்த வெளிய தள்ள தெம்பு இல்ல, அதான் அளவு ஏறுது, இன்னும் அரை மணி நேரத்துல செயற்கை சுவாச மெஷின் வெக்கணும்னாங்க, வெச்சோம். பையன் பிழைச்சுக்கிட்டான். அன்னிக்கு அந்த 42 "நல்ல" நம்பரா தெரிஞ்சது எனக்கு இன்னும் மறக்கல. அட்டாக் நேரத்துல மூச்ச அடக்கி அந்த வாயுவ சேத்து வெக்கணும்னு யாராவது சொன்னா எனக்கு வயித்த கலக்குறது அதனாலதான்.

97ம் 31 செகண்டும்

97 நார்மல். 95லேர்ந்து 100 வரைக்கும் எல்லாமே நார்மல், 97க்கும் 100க்கும் நடுவுல ரத்தத்துல இருக்குற ஆக்சிஜன் வித்தியாசம் ரொம்ப சொற்பம், விரல் குளிர்ந்திருந்தாலோ நெயில் பாலிஷ் போட்டிருந்தாலோ மெஷினே ரெண்டு மூணு பாயிண்ட் தடுமாறும். ஆழமா ஆழமா இழுத்து அத 100 ஆக்கப் பாக்காதீங்க, ஏற்கனவே நிரம்பின குடத்துல ஊத்துற கதைதான். அதவிட முக்கியம், 97 இருக்குன்னு தைரியமாவும் இருக்காதீங்க. ஆஸ்துமா அட்டாக்ல இந்த நம்பர் ரொம்ப நேரம் நல்லாவே நின்னுட்டு கடைசிலதான் விழும்.

31 செகண்ட் விஷயத்துல உங்க சந்தோஷத்த கெடுக்குறேன், மன்னிக்கணும். மூச்சடக்கும்போது முட்டிக்கிட்டு வர்றது ஆக்சிஜன் குறையறதனால இல்ல, கார்பன் டை ஆக்சைடு ஏறுறதனால. பயிற்சி பண்ணப் பண்ண அந்த முட்டல சகிச்சுக்க கத்துக்குறோம், அவ்வளவுதான், குழாய் விரிஞ்சதுக்கு இது அளவுகோல் கிடையாது. 1994ல ஜப்பான்ல ஒரு குழு, உயிர் போற அளவு அட்டாக் வந்து பிழைச்ச ஆஸ்துமாக்காரங்கள சோதிச்சு பாத்தாங்க. மத்தவங்களவிட இவங்களுக்கு மூச்சு முட்டுற உணர்வு மழுங்கியிருந்துச்சு, ஆக்சிஜன் குறைஞ்சாலும் உடம்பு சட்டுன்னு எதிர்வினை காட்டல. பயிற்சி பண்றவங்களுக்கு இப்படி ஆகும்னு அந்த ஆராய்ச்சி சொல்லல, நானும் சொல்லல. ஆனா வீக்கத்துக்கு மருந்து போடாம, மூச்சு முட்டுறத மட்டும் சகிச்சுக்க பழகுறது எனக்கு பிடிக்கல.

உணர்வ நம்பாம அளக்க ஒரு சாதாரண பிளாஸ்டிக் குழாய் இருக்கு, பீக் ஃப்ளோ மீட்டர். நின்னுக்கிட்டு, முழுசா இழுத்து, பிறந்தநாள் மெழுகுவத்திய ஒரே ஊதுல அணைக்கிற மாதிரி சட்டுன்னு ஊதணும், மூணு தடவ ஊதி அதுல பெருசா வந்தத எழுதணும், காலையும் சாயங்காலமும். நீங்க நல்லா இருந்தப்போ வந்த உங்க சொந்த பெஸ்ட் நம்பர்ல 80 சதவீதத்துக்கு கீழ வந்தா உஷார், 50க்கு கீழன்னா உடனே ஆஸ்பத்திரி. "டாக்டர் நான் சூப்பரா இருக்கேன்"னு சிரிச்சுக்கிட்டே ஊதி, முள்ளு பாதியில நின்னத பாத்து முகம் மாறினவங்கள நான் நிறைய பாத்திருக்கேன்.

வாய்ல டேப்

மூக்கால மூச்சு விடுறது நல்லது, காத்து சூடாகி ஈரமாகி வடிகட்டி வருது, மூக்கச் சுத்தியிருக்குற எலும்புக்குழிகள்ல நைட்ரிக் ஆக்சைடு உருவாகி அதுவும் சேந்து உள்ள போகுது. ம்ம்ம்னு ஹம் பண்ணும்போது மூக்குலேர்ந்து வர்ற அந்த வாயு சும்மா மூச்சு விடுறப்போ வர்றதவிட 15 மடங்கு ஏறுதுன்னு ஸ்வீடன்ல 2002ல அளந்திருக்காங்க. அதனால ஆஸ்துமா போகுமான்னா, அதுக்கு ஆதாரம் இல்ல.

டேப் வேற விஷயம். வீட்டுக்காரர் என்ன சொல்றார்னு நீங்களே எழுதியிருக்கீங்க, "குறட்டை திடீர்னு நின்னு, அப்புறம் திணறுற மாதிரி சத்தம் வருது"ன்னு. அது தூக்கத்துல மூச்சு நின்னு போற ஸ்லீப் ஆப்னியாவா இருக்கலாம், தொண்டை தசை தளர்ந்து குழாய் மூடிக்கிட்டு பத்து செகண்டோ அதுக்கு மேலயோ காத்து போகாது. அந்த நேரத்துல உடம்பு தேடுற மாத்துவழி வாய், அதப் போயி ஒட்டி வெக்குறீங்க. ஆஸ்துமா வேற கட்டுக்குள்ள இல்ல. இன்னிலேர்ந்து டேப் வேணாம், ஸ்லீப் டெஸ்ட் பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க. ஆப்னியான்னு தெரிஞ்சா அதுக்கு உருப்படியான சிகிச்சை இருக்கு, மூக்கு வழியா காத்தழுத்தம் குடுக்குற சிபேப் மெஷின காலின் சல்லிவன் 1981லயே ஆஸ்திரேலியாவுல கொண்டுவந்துட்டார். மூக்கடைப்பு இருந்தா அதுக்கும் மருந்து கேளுங்க, ஆஸ்துமாக்காரங்க நிறைய பேருக்கு மூக்கு அலர்ஜியும் கூடவே இருக்கும்.

உங்க பொண்ணு "ஏம்மா கிட்னாப் ஆனவங்க மாதிரி தூங்குற"ன்னு கேட்டது எனக்கு ரொம்ப பிடிச்சுது.

ஸ்டீராய்டு பயம்

இதுதான் எல்லாத்துக்கும் வேர்னு நினைக்கிறேன். மாத்திரையா சாப்பிடுற ஸ்டீராய்டு மில்லிகிராம் கணக்குல போகுது, பம்ப்ல வர்றது மைக்ரோகிராம் கணக்கு, ஒரு மில்லிகிராம்ல 1000 மைக்ரோகிராம். ரெண்டும் வேற வேற மருந்துங்கறதால எடைய மட்டும் வெச்சு ஒப்பிடக்கூடாது, இருந்தாலும் எந்த அளவு சின்னதுன்னு புரியும், அதுவும் நேரா குழாய்க்குத்தான் போகுது. தொண்டை கரகரப்பும் வாய்க்குள்ள வெள்ளையா படியறதும் வரும், பம்ப் அடிச்சதும் வாய் கொப்பளிச்சு துப்பினா பெரும்பாலும் வராது, ஸ்பேசர் (பம்ப்புக்கும் வாய்க்கும் நடுவுல மாட்டுற குழாய்) போட்டா இன்னும் நல்லது. அதிக அளவு மருந்த பல வருஷம் எடுக்குறவங்களுக்கு எலும்பு, கண்ணு பாக்கணும், அது நிஜம், உங்க டோஸ் எவ்வளவுன்னு கேட்டு தெரிஞ்சுக்கற உரிமை உங்களுக்கு இருக்கு.

இந்தப் பக்கம் என்ன ரிஸ்க்னு பாருங்க. 2000ல நியூ இங்கிலாண்ட் மருத்துவ இதழ்ல கனடாவுலேர்ந்து ஒரு ஆய்வு வந்துச்சு, குறைஞ்ச டோஸ் ஸ்டீராய்டு பம்ப்ப ஒழுங்கா எடுத்தவங்களுக்கு ஆஸ்துமாவால சாவு வர்றது நல்லாவே கம்மி, அத நிறுத்தினவங்களுக்கு நிறுத்தின முதல் மூணு மாசத்துல ஆபத்து கூடுது. நீங்க அஞ்சு வாரத்துல இருக்கீங்க. நிறுத்தின உடனே ஒண்ணும் ஆகாது, வீக்கம் மெல்ல மெல்லத்தான் திரும்பும், அதுக்குள்ள "பாத்தியா, பம்ப் இல்லாமலே நல்லா இருக்கேன்"னு தோணிடும், எல்லாரும் ஏமாறுற இடம் இது. நீல பம்ப் மட்டும் போதும்னும் நினைக்காதீங்க, அது தசைய தளர்த்துமே தவிர வீக்கத்த தொடாது, 2019லேர்ந்து உலக அளவுல ஆஸ்துமா வழிகாட்டுதலே நீல பம்ப மட்டும் வெச்சு சிகிச்சை வேணாம்னு சொல்லிடுச்சு.

ஸ்டீராய்டு குறைக்கவே முடியாதான்னா, முடியும், அதுக்கு வழி இருக்கு. மூணு மாசம் தொந்தரவே இல்லாம இருந்து, ஊதுற டெஸ்டும் நல்லா இருந்தா, டாக்டரே கால்வாசிலேர்ந்து பாதி வரைக்கும் குறைச்சு பாப்பார், சளி பிடிச்சிருக்குற நேரத்துல பண்ண மாட்டார். "எனக்கு குறைக்கணும், எப்ப குறைக்கலாம்"னு நேராவே கேளுங்க. திட்டுவார்னு பயப்படாதீங்க, அப்படியே திட்டினாலும் அஞ்சு வாரமா நிறுத்திட்டேன்னு மட்டும் மறைக்காதீங்க, இல்லன்னா மருந்து வேலை செய்யலன்னு நினைச்சு டோஸ ஏத்திடுவார், அப்புறம் நீங்க பயந்ததே நடக்கும். போறப்போ பம்ப்பையும் எடுத்துட்டு போய் அவர் முன்னாடி ஒரு தடவ அடிச்சு காட்டுங்க. இழுக்குறதுக்கு முன்னாடியே அழுத்துறது, நாக்கு நடுவுல வர்றது, உள்ள ஒரு பத்து செகண்ட் பிடிக்காம உடனே விட்டுடுறது, பல வருஷமா அடிக்கிறவங்க கூட இதுல தப்பு பண்றாங்க, மருந்தெல்லாம் தொண்டையில ஒட்டிக்கிட்டு நிக்கும்.

இன்னொண்ணு, ஒரு வாக்கியத்த முழுசா பேச முடியாம மூச்சு வாங்கினாலோ, நீல பம்ப் அடிச்சும் அடங்கலன்னாலோ, அடங்கி கொஞ்ச நேரத்துலயே திரும்ப வந்தாலோ, உதடு நீலமானாலோ வீட்ல உக்காந்து பயிற்சி பண்ணக்கூடாது, பம்ப்ப அடிச்சுக்கிட்டே எமர்ஜென்சிக்கு கிளம்பணும். இத வீட்டுக்காரருக்கும் பொண்ணுக்கும் சொல்லி வெச்சிடுங்க.

கோர்ஸ்ல இன்னும் நாலு கிளாஸ் பாக்கி, பணம் கட்டியாச்சு, போகலாமான்னு கேட்டிருக்கீங்க. தாராளமா போங்க, மெதுவா விடுற பயிற்சி, ஹம் பண்றது எல்லாம் பண்ணுங்க, மூச்சடக்குற போட்டிய மட்டும் விட்டுடுங்க, தண்ணில நின்னுக்கிட்டோ வண்டி ஓட்டும்போதோ எந்தப் பயிற்சியும் வேணாம். பீக் ஃப்ளோ எழுதுற நோட்ட பக்கத்துலயே வெச்சிருங்க. அடுத்த கிளாஸ்ல கோச் பம்ப் பத்தி பேச்செடுத்தார்னா, ஸ்டீராய்டு திரும்ப ஆரம்பிச்ச முதல் நாள் நம்பரையும் மூணாவது வாரத்து நம்பரையும் அவருக்கு படிச்சு காட்டுங்க, அவர் என்ன சொன்னார்னு எனக்கும் எழுதுங்க.